காரைக்குடி வெயிலுக்கு எந்த நீர்ப்பிராணி?

கோல்டு ஃபிஷ்ஷும் ஏஞ்சலும் பார்த்துச் சலித்தவர்கள் “வேற ஏதாவது வித்தியாசமா” என்று கடையில் கேட்டால் வழக்கமாகக் காதில் விழுகிற பெயர்கள் நாலு: ஆக்சலாட்டல், குட்டிப் பஃபர், செர்ரி இறால், சிவப்புக் காது ஆமை. ஐந்தாவதாக நம் பனையேறிக் கெண்டையை நான் சேர்க்கிறேன். அழகை அவரவர் கண் பார்த்துக்கொள்ளட்டும். செட்டிநாட்டில் இருப்பவர் முதலில் கேட்க வேண்டியது, சித்திரை வெயிலுக்கும் நம் வீட்டுத் தண்ணீருக்கும் இது தாங்குமா, வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு வாரம் சென்னைக்குப் போனால் இருக்குமா என்பதைத்தான்.

ஆக்சலாட்டல் இதில் முதல் கேள்வியிலேயே அவுட். பல்லி மாதிரி உருவம் கொண்ட நீர்வாழ் சாலமாண்டர், மெக்சிகோவின் சோச்சிமில்கோ ஏரிக்காரர் அது. கடைசிவரை செவுளோடு தண்ணீரிலேயே இருக்கும், அறுந்த கால் மறுபடி முளைக்கும், முகத்தில் நிரந்தரச் சிரிப்பு. குழந்தைகள் கேட்பதில் வியப்பில்லை. ஆனால் அதற்கு 16 முதல் 18 டிகிரி குளிர் வேண்டும், 24 தாண்டினாலே நோய்வாய்ப்படும். மே மாதத்தில் காரைக்குடி வீட்டுத் தொட்டித் தண்ணீர் 30-ஐச் சாதாரணமாகத் தொடும். சுண்ணாம்புச் சுவரும் உயரக் கூரையும் மனிதருக்குத்தான் குளிர்ச்சி. ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும், மிச்சத்துக்குத் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் எந்திரம்தான். அதுவும் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் போகிற நாளில் பகல் முழுக்கச் சும்மா நிற்கும். போதாததற்கு, இது அருகிவரும் உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள உயிர். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு இப்படிப்பட்டவற்றைப் பதிவு செய்துதான் வைத்திருக்க வேண்டும்.

சிவப்புக் காது ஆமை வெயிலை நன்றாகவே தாங்கும். சிக்கலும் அதில்தான். ரூபாய் நாணயம் அளவில் வாங்குவது பின்னால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும், முப்பது வருடம்கூட இருக்கும். அலுத்துப்போனவர் ஊருணியில் கொண்டுபோய் விடுவார், அது அங்கேயும் சுகமாகப் பிழைத்து நம் ஆமைகளின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். வேண்டவே வேண்டாம். “அப்படியானால் நம் குளத்து ஆமையையே வளர்க்கலாமே” என்றால் அது 1972-ஆம் வருடத்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தொண்டிப் பக்கம் கடலில் கிடைக்கிற கடல் குதிரைக்கும் 2001 முதல் அதே சட்டத்தின் பாதுகாப்பு உண்டு.

உண்மையான போட்டி மற்ற மூன்றுக்கும்தான்.

குட்டிப் பஃபர் கேரள ஆறுகளின் மீன், பம்பைப் பக்கத்துக்காரர். பெரிதானாலும் மூன்றரை செண்டிமீட்டரைத் தாண்டாது. கண் இரண்டையும் தனித்தனியாக உருட்டி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிற நம்மையே வேடிக்கை பார்க்கும். குணம் என்று பார்த்தால் இந்த ஐந்தில் இதுவே ராஜா. இரண்டடித் தொட்டி, நிறையச் செடி போதும். 28 டிகிரி வரை கவலையில்லை, அதற்கு மேல் ஃபேன். சாப்பாடுதான் வம்பு. தூள் தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. குட்டி நத்தை, உறைய வைத்த புழு, கொசுப்புழு என்று உயிர் வாசனை அடிக்க வேண்டும். சைவ வீட்டில் அப்பத்தா ஃபிரீசரைத் திறக்கிற நாளை நினைத்துக்கொண்டு முடிவெடுங்கள். நாலைந்து நாளுக்கு மேல் தனியாக விட்டுப் போகவும் முடியாது.

செர்ரி இறால் நேர் எதிர். சில மாதம் ஓடிப் பாசி படிந்த தொட்டியில் அந்தப் பாசியை மேய்ந்துகொண்டு ஒரு வாரம், பத்து நாள் தன் பாட்டுக்கு இருக்கும். பத்து வாங்கினால் சில மாதத்தில் எண்ண முடியாத கூட்டம். ஓடு கழற்றிப் புது ஓடு வளர்க்கச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பதால் கொஞ்சம் கடினமான போர் தண்ணீர் நல்லதுதான். உப்பு அதிகமுள்ள ஊரில் மழைத் தண்ணீர் கலந்து டிடிஎஸ்ஸை, அதாவது தண்ணீரில் கரைந்த உப்பின் அளவை, 150-300-க்குள் வைக்கலாம். இங்கேதான் செட்டிநாட்டுக்கே உரிய ஆபத்து ஒன்று. வளவின், அதாவது உள்முற்றத்தின், தாழ்வாரத்தில் பிடித்த மழைத் தண்ணீரைச் செப்புக் குடத்திலோ பித்தளை அண்டாவிலோ வைத்து ஊற்றினீர்கள் என்றால், அந்தச் செம்பு போதும் கூட்டத்தையே முடிக்க. பிளாஸ்டிக் வாளியில் பிடியுங்கள். கொசு மருந்து அடிப்பதும் அதே கதை. 30 டிகிரி தாண்டினாலும் இவற்றுக்குத் திணறல்தான், ஆகவே மே மாதம் ஃபேன் கட்டாயம்.

பனையேறிக்கு ஃபேனும் வேண்டாம், ஏர் பம்ப்பும் வேண்டாம். தலைக்குள் இருக்கிற தனி உறுப்பால் மேலே வந்து காற்றைக் குடித்துக்கொள்ளும். கரண்ட் போனால் அதற்குத் தெரியவே தெரியாது. தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனி அதிகாரி டால்டார்ஃப் இதைப் பனைமரத்திலேயே பிடித்ததாக 1797-இல் எழுதினார். மரம் ஏறுவது சந்தேகம், ஆனால் செவுள் மூடியை ஊன்றித் தரையில் நடப்பது நிஜம். மழை ராத்திரியில் மூடி இல்லாத தொட்டியை விட்டுக் கிளம்பிவிடும். கனமான மூடி போடுங்கள், தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே நாலு விரல் காற்றும் விடுங்கள், மூச்சு விட இடமில்லாவிட்டால் மீனே மூழ்கிச் சாகும். மூன்றடித் தொட்டியில் ஒன்றிரண்டு போதும். சின்ன மீன் எதையும் கூடப் போடக்கூடாது, விழுங்கிவிடும். நிறம் என்னவோ சேற்று நிறம்தான், விருந்தாளி வந்து “ஆஹா” சொல்ல மாட்டார்.

என் ஓட்டு பனையேறிக்கு. பளிச்சென்ற சிவப்பு வேண்டும், அடிக்கடி வெளியூர் போவீர்கள் என்றால் இறால். தினமும் வீட்டில் ஆள் இருந்து, ஃபிரீசருக்கும் அனுமதி கிடைத்தால் பஃபர். இரண்டையும் ஒரே தொட்டியில் போட்டுவிடாதீர்கள், பஃபருக்கு இறால் என்றால் விருந்து.

எதை வாங்கினாலும் தொட்டியை முற்றத்தை ஒட்டி வைக்க வேண்டாம், நேர் வெயில் பட்டால் தண்ணீர் சுட்டுப் பச்சையாகிவிடும். வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் உள்சுவர் ஓரம் சரியாக இருக்கும். மூன்றடித் தொட்டியில் தண்ணீர் மட்டுமே 190 கிலோ வரை வரும், ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு ப்ளைவுட் பலகை போட்டால் ஆத்தங்குடித் தரைக் கல்லில் ஸ்டாண்டின் கால் பதியாது.