ஒரே சர்வர், நான்கு அப்கிரேட்: டெபியன் 9-லிருந்து 13 வரை

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 9-ம் பதிப்பைப் போட்டு, 2017-ல் ஓடத் தொடங்கிய சர்வர் இது. இப்போது அதில் டெபியன் 13 ஓடுகிறது. நடுவில் ஒருமுறைகூட டிஸ்க்கை ஃபார்மேட் செய்யவில்லை. 10, 11, 12, 13 என்று படிப்படியாக ஏறி வந்தேன். ஒரு பதிப்பைத் தாண்டி அடுத்ததற்குப் போவதை டெபியன் ஆதரிப்பதில்லை. உள்ளே இருப்பது ஒரு பில்லிங் மென்பொருளும் அதன் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும்தான்.

நான்கு முறையிலும் அப்கிரேட் என் டேட்டாவில் கை வைக்கவில்லை. எல்லாம் முடிந்து, ரீபூட் ஆகி, சரியாக ஓடுகிறது என்று நிம்மதியாக இருந்த நாட்களில்தான் ஆபத்து வந்தது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதல் அனுபவம் 9-லிருந்து 10-க்குப் போனபோது. டெபியன் 10-ல், பெரும்பாலான மென்பொருள்கள் சார்ந்திருக்கும் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பு வந்தது. எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி அதில் மாறிவிட்டது. '11', '1-1' இரண்டையும் வரிசைப்படுத்தச் சொன்னால், ஆங்கில லொக்கேலில் (மொழி அமைப்பில்) பழைய ஜிலிப்சி 11-ஐ முன்னால் வைக்கும். புதியது 1-1-ஐ முன்னால் வைக்கும். பார்த்தால் சின்ன விஷயம். ஆனால் போஸ்ட்கிரெஸ் இந்த வரிசையை நம்பித்தான் இண்டெக்ஸை, அதாவது பதிவுகளைச் சீக்கிரம் தேட உதவும் அட்டவணையை, டிஸ்க்கில் எழுதி வைத்திருக்கிறது. பழைய வரிசையில் எழுதியதைப் புதிய வரிசைப்படி தேடினால், இருக்கிற பதிவையே இல்லை என்று சொல்லிவிடும்.

டெபியன் 10-ல் போஸ்ட்கிரெஸ் 11 வரும். ஆனால் பழைய 9.6-ஐ அது நீக்காது. அது தன் போர்ட்டிலேயே ஓடிக்கொண்டிருக்கும், புதியது 5433 போர்ட்டில் காலியாக நிற்கும். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று 9.6-ஐ மூன்று நாள் ஓடவிட்டேன். தவறு என்னுடையதுதான். மூன்றாம் நாள் பில் போடுபவர் கூப்பிட்டார். "பில் நம்பரைப் போட்டுத் தேடினால் வரமாட்டேன் என்கிறது, ஆனால் லிஸ்ட்டில் இருக்கிறதே?" என்றார். எங்கள் பில் நம்பர்கள் எல்லாமே நடுவில் கோடு போட்டவை. அப்போதுதான் உறைத்தது.

அதற்குள் சிலர் பழைய பில் கிடைக்கவில்லை என்று அதே நம்பரில் மறுபடியும் போட்டிருந்தார்கள். இரட்டைப் பதிவைத் தடுக்க வேண்டிய யூனிக் இண்டெக்ஸே வழி தவறி நின்றதால், அது தடுக்கவில்லை. போஸ்ட்கிரெஸ் 11-க்கு மாற்ற முயன்றபோது, ஒரே நம்பர் இரண்டு முறை இருக்கிறது என்று அந்த இண்டெக்ஸை உருவாக்க முடியாமல் வேலை நின்றது. பதிந்த நேரத்தை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து, எது அசல், எது மறுபதிவு என்று பிரித்து முடிக்க ஒரு நாள் முழுதும் ஆனது. ஒரு பில்லும் தொலையவில்லை. ஆனால் அந்த ஒரு நாளை நான் மறக்கவே மாட்டேன்.

அதிலிருந்து, டேட்டாபேஸைப் புதிய பதிப்புக்கு மாற்றி முடிக்கும்வரை யாரையும் உள்ளே விடுவதில்லை. மாற்றுவதற்கு டெபியன் தரும் பிஜி-அப்கிரேட்கிளஸ்டர் வழக்கமாக டேட்டா முழுவதையும் டம்ப்பாக வெளியே எடுத்து, மறுபடி ஏற்றும் முறையில்தான் வேலை செய்கிறது. நேரம் கூடுதலாகப் பிடித்தாலும் இண்டெக்ஸ்கள் புதிதாகக் கட்டப்படும், எனக்கு அதுதான் வேண்டும். முதலில் காலியாக நிற்கும் புதிய கிளஸ்டரை (போஸ்ட்கிரெஸ் தன் டேட்டாபேஸ்களை வைக்கும் தொகுப்பை) நீக்க வேண்டும். எதை நீக்குகிறோம் என்று இரண்டு முறை பார்த்துவிட்டு என்டர் அடியுங்கள். போஸ்ட்கிரெஸ் 15 முதல், வரிசை விதியின் பதிப்பு மாறினால் அதுவே எச்சரிக்கிறது. டெபியன் 13-க்கு வந்தபோது அந்த எச்சரிக்கையை லாகில் பார்த்ததும் மனம் லேசானது.

இரண்டாவது அனுபவம் டெபியன் 12-ல். வேறு மெஷினுடன் பாதுகாப்பாக இணையப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச், அதில் ஷா-1 அடிப்படையிலான பழைய ஆர்எஸ்ஏ கையொப்பத்தை (இணையும்போது அடையாளம் காட்டும் ஒரு முறை) இயல்பாக ஏற்பதில்லை. எங்கள் பேக்கப் போகும் பழைய பெட்டிக்கு வேறு எதுவும் தெரியாது. ஒன்பது இரவு பேக்கப் போகவில்லை, நானும் கவனிக்கவில்லை. ஸ்கிரிப்ட் ஓடியதா என்று பார்ப்பதைவிட, கடைசி பேக்கப் ஃபைலின் தேதியைப் பார்ப்பதுதான் சரி. இப்போது தினமும் அதைத்தான் பார்க்கிறேன்.

மற்றவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். எப்போதும் டிமக்ஸுக்குள்தான் அப்கிரேட்டைத் தொடங்குகிறேன். லைன் அறுந்தாலும் வேலை நிற்காது. நாம் திருத்திய கான்ஃபிக் ஃபைலை மாற்றட்டுமா என்று கேட்கும்போது அவசரப்பட்டு ஒய் அடிக்காமல், டி அடித்து வித்தியாசத்தைப் பார்ப்பேன். டெபியன் 13-க்கு முன்னால், சிஸ்டம் தொடங்கத் தேவையான ஃபைல்கள் இருக்கும் பூட் பார்ட்டிஷனைப் பாருங்கள். அது 768 எம்பியாவது இருந்து, 300 எம்பி காலியாகவும் இருக்க வேண்டும் என்கிறது வெளியீட்டுக் குறிப்பு. 2017-ல் பிரித்த என் பார்ட்டிஷன் அதில் பாதிகூட இல்லை. பழைய கர்னல்களை நீக்கி, பூட் ஆகும்போது ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் ஃபைலைச் சுருக்கித்தான் நுழைக்க முடிந்தது. இன்னொன்று, 13-ல் டெம்ப் ஃபோல்டர் இயல்பாகவே மெமரிக்குப் போய்விடுகிறது. அங்கே எதையாவது விட்டுவைக்கும் மென்பொருள் இருந்தால் முன்பே இடம் மாற்றிவிடுங்கள், ரீபூட் ஆனால் அது இருக்காது.

பேக்கப் இருக்கிறது என்று சொல்வதோடு விடாமல், அதை வேறொரு மெஷினில் ஏற்றி, முதலில் அங்கேதான் அப்கிரேட்டை ஓட்டிப் பார்க்கிறேன். எவ்வளவு நேரம் ஆகும் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். தொடங்குமுன் ஒவ்வொரு டேபிளிலும் எத்தனை வரிகள் என்று எண்ணி ஒரு ஃபைலில் வைப்பேன், முடிந்ததும் மறுபடி எண்ணுவேன். கடைசி அப்கிரேட்டில் இரண்டு ஃபைலையும் டிஃப் போட்டு ஒப்பிட்டபோது எந்த வித்தியாசமும் வரவில்லை. அதன்பிறகும் பழைய போஸ்ட்கிரெஸ் 15 கிளஸ்டரை ஒரு மாதம் நிறுத்தி வைத்திருந்துதான் நீக்கினேன்.