பஸ் ஏற: புடவையா, சுடிதாரா?

காட்பாடியிலிருந்து வேலூருக்கு வேலைக்குப் போகும் தோழிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

படி: புடவையில் ஒரு கை கொசுவத்தைத் தூக்கிப் பிடிக்கும், கம்பிக்கு மற்றொன்றுதான். சுடிதாரில் இரண்டு கையும் நமக்கு.

வெயில்: மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர். பருத்தி என்றால் இரண்டும் சரி.

கவனம்: எனக்கு இதுதான் முக்கியம். பெண் தன் உடம்போடு வாழும்போதே, அடுத்தவர் பார்க்கும் பொருளாகவும் அதை உணர்கிறாள், அதனால் அவள் அசைவு சுருங்குகிறது என்று 1980-இல் அமெரிக்கப் பெண்ணியத் தத்துவ அறிஞர் ஐரிஸ் மேரியன் யங் எழுதினார். ஓடும் பஸ்ஸில் முந்தானையை இழுத்துவிடும் கையில் அதைத் தினமும் பார்க்கிறேன். துப்பட்டாவும் விடுவதில்லை; பின் குத்தியிருந்தாலும் விரல் தோளுக்கே போகிறது.

ஓடிப் பிடிக்கிற பஸ் என்றால் சுடிதார், அதுவும் துப்பட்டா இல்லாமல். உட்கார இடம் கிடைக்கும் நேரமென்றால் புடவை.