போர்கோவில் ஒரு கொடிக்கடை: தையலுக்கு முழு மதிப்பெண், வரலாற்றுக்குப் பாதி

உரோமையில் புனித பேதுரு சதுக்கத்தை ஒட்டியுள்ள போர்கோ பகுதியில் செபமாலையும் சுரூபமும் விற்கும் கடைகளுக்குக் குறைவில்லை. கொடிகளையே முதன்மைச் சரக்காக வைத்திருக்கும் கடைகள் அரிது. அப்படிப்பட்ட ஒரு கடை, திருத்தந்தையரின் கொடி வரலாற்றைக் காட்டும் தொகுதி என்று சொல்லி நான்கு கொடிகளை ஒரே பெட்டியில் விற்கிறது. கொடிகளைத் தனித்தனியாகவும் வாங்கலாம். நினைவுப் பொருளாக மட்டும் கருதினால் குறை சொல்ல அதிகமில்லை. ஆனால் வரலாறு என்ற பெயரில் விற்கும்போது அதையும் சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

தொகுதியின் முதன்மையான கொடி, இன்றைய வத்திக்கான் நாட்டுக் கொடியே. கம்பத்தை ஒட்டி மஞ்சளும் அடுத்து வெண்மையுமாக இரு பட்டைகள் செங்குத்தாக அமைய, வெண்பட்டையின் நடுவில் மும்முடியும் (திருத்தந்தையின் மூன்றடுக்குக் கிரீடம்) குறுக்காக வைத்த இரு திறவுகோல்களும் இடம்பெற வேண்டும். வத்திக்கானைத் தனி நாடாக்கிய இலாத்தரன் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த 1929 ஜூன் 7 அன்று இந்த அமைப்பு சட்டத்தின் இணைப்பாகவே வெளியிடப்பட்டதால், இதில் தயாரிப்பாளரின் கற்பனைக்கு இடமில்லை. பெட்டியில் உள்ள கொடி சரியான சதுரம். நாட்டுக்கொடிகளில் சதுரமானவை வத்திக்கானுடையதும் சுவிட்சர்லாந்துடையதும் மட்டுமே என்பதால் இதை நான் முதலில் கவனித்தேன். இரு பட்டைகளும் தனித்தனித் துணியாக வெட்டி இணைக்கப்பட்டுள்ளன. இணைப்பில் இரட்டைத் தையல் ஓடுகிறது. திறவுகோல்கள் பூத்தையலில் அமைந்துள்ளன. துணியைத் திருப்பிப் பார்த்தாலும் நூல் முடிச்சுகள் துருத்தி நிற்கவில்லை.

அதே கடை வாசலில் கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டிருக்கும் மலிவு விலைக் கொடிகளைப் பற்றி இப்படிச் சொல்ல முடியாது. அவை நீள்சதுரமாக இருப்பது ஒரு பிழை. மும்முடியின் அடிப்பகுதி சிவப்பு வட்டமாக அச்சிடப்பட்டிருப்பது அதைவிடப் பெரிய பிழை. அங்கே வெண்மைதான் இருக்க வேண்டும். விக்கிப்பீடியாவில் சில ஆண்டுகள் நீடித்த ஒரு தவறான படம், 2022இல் திருத்தப்படுவதற்குள் உலகெங்கும் உள்ள கொடித் தயாரிப்பாளர்களிடம் பரவிவிட்டது. இந்தச் சிவப்பு வட்டத்தின் பூர்வீகம் அதுதான். சரியான கொடியைத் தைக்கத் தெரிந்த கடையே தவறான கொடியையும் அருகில் வைத்து விற்பது வியப்பாக இருக்கிறது.

இரண்டாவது கொடி சிவப்பும் பொன்னும் கலந்தது. 1808 வரை திருத்தந்தையின் நாட்டுக் கொடி இதுவே என்று அதனுடன் உள்ள சீட்டு கூறுகிறது. இது பாதி உண்மை. உரோமையின் பழைய நிறங்களான அடர் சிவப்பும் மஞ்சளுமே அதுவரை திருத்தந்தையின் படைகளுக்கும் அடையாளமாக இருந்தன. திருச்சபையின் குடைச் சின்னத்திலும் இந்த இரு நிறப் பட்டைகளையே காண்கிறோம். ஆனால் இன்றைய பொருளில் ஒரே அமைப்புடைய தேசியக் கொடி என்று ஒன்றை அந்தக் காலத்தின்மீது ஏற்றிச் சொல்வது பொருந்தாது. மாற்றம் வந்த கதைதான் சுவையானது. 1808 பிப்ரவரியில் உரோமையைக் கைப்பற்றிய நெப்போலியனின் தளபதி, திருத்தந்தையின் வீரர்களைப் பிரெஞ்சுப் படையில் சேர்த்துக்கொண்டபோதும், அவர்கள் தொப்பியில் அணிந்த பழைய சிவப்பு மஞ்சள் பட்டிச் சின்னத்தை மாற்றவில்லை. எதிரியுடன் சேர்ந்தவரும் தம்முடன் நிற்பவரும் ஒரே சின்னத்தை அணிவதை ஏற்காத திருத்தந்தை ஏழாம் பயஸ், தமக்கு விசுவாசமாக இருந்த காவலர்கள் வெள்ளையும் மஞ்சளும் அணிய வேண்டும் என்று மார்ச் மாதத்தில் ஆணையிட்டார். இன்றைய கொடியின் நிறங்கள் பிறந்தது இந்தத் தொப்பிச் சின்னத்தில்தான். 1825 முதல் அவை வணிகக் கப்பல்களின் கொடியிலும் ஏறின. 1870இல் இத்தாலியப் படை போர்த்தா பியா வாயில் வழியாக உரோமைக்குள் நுழைந்து திருத்தந்தையின் நாட்டாட்சியை முடித்ததோடு இறங்கி, 1929இல் மீண்டும் ஏறின. இவ்வளவு செய்தி இருக்க, சீட்டில் ஒற்றை வரியோடு நிறுத்திக்கொண்டது கஞ்சத்தனம். நிறமும் சரியில்லை: அடர்ந்த செந்நிறத்துக்குப் பதிலாகத் தக்காளிச் சிவப்பைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

மூன்றாவது, ஒட்டோமான் கடற்படையைக் கிறித்தவக் கூட்டணி வென்ற 1571ஆம் ஆண்டு லெபாந்தோ கடற்போரின் பதாகை. பேதுருவுக்கும் பவுலுக்கும் நடுவே சிலுவையில் தொங்கும் இயேசுவைச் செம்பட்டில் தீட்டிய மூலப் பதாகை இத்தாலியின் காயெத்தா நகரில் பாதுகாக்கப்படுகிறது. மினுமினுக்கும் பாலியெஸ்டரில் அச்சிட்ட இந்தப் பிரதியில் பட்டின் நெசவுக் கோலமும் இல்லை, ஓவியத்தின் ஆழமும் இல்லை. பெட்டியில் இதற்குக் கொடுத்த இடம் வீண்.

நான்காவதான, திருத்தந்தையைக் காக்கும் சுவிஸ் காவற்படையின் கொடிதான் என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது. வெண்சிலுவை நான்காகப் பிரிக்கும் அந்தக் கொடியின் மேல்மூலையில், கம்பத்தை ஒட்டி, பதவியில் இருக்கும் திருத்தந்தையின் சின்னம் இருக்கும். அதற்கு மூலைவிட்டமாகக் கீழே, 1506இல் படையை நிறுவிய இரண்டாம் ஜூலியஸின் கருவாலி மரம் இருக்கும். எஞ்சிய இரு கட்டங்களில் படையின் நீலம், சிவப்பு, மஞ்சள் பட்டைகள் ஓடும். ஆகவே திருத்தந்தை மாறினால் கொடியும் மாறும். 2025 மே மாதத்திலேயே பதினான்காம் லியோ தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டார். கடையில் கிடைப்பதிலோ திருத்தந்தை பிரான்சிஸின் சின்னமே இன்னும் இருக்கிறது. கதிர்வட்டத்துள் இயேசுவின் பெயர்ச் சுருக்கமும், கீழே விண்மீனும் நரந்தமலரும் மிக நேர்த்தியாகத் தைக்கப்பட்டுள்ளன. பழைய கொடி என்று சொல்லி விற்றால் இதைவிட நல்ல சேகரிப்புப் பொருள் இல்லை. இன்றைய கொடி என்று எழுதி வைத்திருப்பதுதான் தவறு.

இடைக்காலத்துக்கு இந்தத் தொகுதியில் இடமே இல்லை. திருத்தந்தை மூன்றாம் லியோ காலத்தில் உருவாக்கப்பட்ட, புனித பேதுருவின் கையால் பிராங்க் அரசர் சார்லமேன் கொடி பெறும் காட்சியை, இலாத்தரன் பேராலயத்துக்கு அருகிலுள்ள மொசைக்கில் இன்றும் பார்க்கலாம். அது பதினெட்டாம் நூற்றாண்டில் மறுபடி செய்யப்பட்டது என்றாலும், அதன் படத்தைக் கொண்ட அட்டை ஒன்றையாவது சேர்த்திருக்கலாம்.

பெட்டியாக வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சதுர நாட்டுக் கொடியையும் சுவிஸ் காவற்படைக் கொடியையும் தனியாக வாங்குங்கள். கம்பத்தைச் செருகும் உறை குறுகலாக இருப்பதால், உங்கள் கம்பத்தின் பருமனைச் சொல்லி அங்கேயே பிரித்துத் தைத்துத் தரச் சொல்லுங்கள். கூடுதல் பணம் கேட்காமல் செய்து தருகிறார்கள்.