ஆஸ்பிரினா, வார்ஃபரினா? கட்டியைப் பார்த்துச் சொல்ல வேண்டிய பதில்

இதய நோயாளிகள் பலர் தாங்கள் சாப்பிடுவதை 'ரத்தத்தை நீர்க்க வைக்கிற மாத்திரை' என்பார்கள். ஆஸ்பிரினுக்கும் அதே பெயர், வார்ஃபரினுக்கும் அதே பெயர். உண்மையில் இரண்டுமே ரத்தத்தை நீர்க்க வைப்பதில்லை. ரத்தக் கட்டி உருவாவதைத் தடுக்கின்றன, அதுவும் வேறு வேறு வழியில். பெயர் ஒன்றாக இருப்பதால் ஒன்றுக்கு இன்னொன்று ஈடாகும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கட்டிகள். இதயத் தமனியில் கொழுப்புப் படிவு வெடித்தால், ரத்தம் வேகமாகப் பாயும் அந்தக் குறுகலில் தட்டணுக்கள் (பிளேட்லெட்டுகள்) ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன. வெளிறிய நிறத்தில் இருப்பதால் இது வெள்ளைக் கட்டி. மாரடைப்பு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறில் நடப்பது வேறு. இதயத்தின் மேலறை சீராகச் சுருங்காமல் படபடப்பதால், இடது மேலறையை ஒட்டிய சிறு பையில் ரத்தம் தேங்குகிறது. ஃபைப்ரின் என்ற புரத இழைகள் வலை பின்ன, சிவப்பணுக்கள் அதில் சிக்குகின்றன. இந்தச் சிவப்புக் கட்டி பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்.

இந்தப் பிரிவு அவ்வளவு கறாரானதும் அல்ல. வெள்ளைக் கட்டியிலும் நேரம் ஆக ஆக ஃபைப்ரின் கூடுகிறது. இதயத் தமனி நோய் உள்ளவர்களிடம் ஃபைப்ரின் வலை மெல்லிய இழைகளோடு நெருக்கமாக அமைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படிப்பட்ட கட்டியைக் கரைப்பது கடினம். நெஞ்சுவலி வந்தால் தாமதிக்கவே வேண்டாம் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, மருந்துக்கு வருவோம். ஆஸ்பிரின் தட்டணுவில் உள்ள ஒரு நொதியை முடக்குகிறது. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, அந்த நொதியைத் திரும்பச் செய்துகொள்ள வழியில்லை. அதனால் விளைவு அந்த அணுவின் ஆயுள் முழுக்க, 7 முதல் 10 நாள் வரை, நிற்கும். தமனியை விரித்து வைக்கும் ஸ்டென்ட் குழாய் வைத்தவர்களுக்கு, தட்டணுவைத் தடுக்கும் குளோபிடோக்ரல் போன்ற ஒன்றும் சேரும். வார்ஃபரின் குறிவைப்பது தட்டணுவை அல்ல, வைட்டமின் கே தேவைப்படும் உறைவுக் காரணிகளை. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவை அடிக்கடி பார்க்க வேண்டும். உறைவுக் காரணிகளையே குறிவைக்கும் அபிக்சபான் போன்ற புதிய மருந்துகளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு ஆஸ்பிரின் போதாதா? போதாது. வார்ஃபரின் ஒத்துவராதவர்களுக்கு அபிக்சபானையும் ஆஸ்பிரினையும் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2011-ல் வெளியானது. அபிக்சபான் எடுத்தவர்களிடம் பக்கவாதம் பாதிக்கும் கீழே குறைந்தது. பெரிய ரத்தக்கசிவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 'ஆஸ்பிரின்தான் சாது' என்ற எண்ணத்துக்கு இங்கே இடமில்லை.

உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு இன்றும் வார்ஃபரின்தான். புதிய மருந்துகளில் ஒன்றான டபிகட்ரானை அவர்களிடம் சோதித்தபோது கட்டியும் கசிவும் கூடியதால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள்.

ஸ்டென்ட், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இரண்டும் உள்ளவர்களுக்கு தட்டணுவைத் தடுப்பது, உறைவுக் காரணியைத் தடுப்பது என இரு வகை மருந்துகளையும் சேர்த்துக் கொடுப்பார்கள், கசிவு ஆபத்துக்கு அஞ்சி குறுகிய காலத்துக்கு. நிலைமை சீராக இருந்தால், ஏறத்தாழ ஓராண்டுக்குப் பிறகு பெரும்பாலும் உறைவெதிர்ப்பு மருந்து (வார்ஃபரின், அபிக்சபான் போன்றது) மட்டும் தொடரும். அப்போது எந்த மாத்திரை நிற்கிறது, எது தொடர்கிறது என்று மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.