கார்ட்லெஸ் போனை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள்

அம்மாவுக்கு 76 வயது. திருவையாறு பக்கத்துக் கிராமத்தில், எங்கள் பழைய வீட்டில் தனியாக இருக்கிறார். திண்ணை, ரேழி, கூடம், இரண்டாங்கட்டு, கொல்லை என்று நீண்டுகொண்டே போகும் வீடு. கூடத்தில் மணி அடித்தால் கொல்லையில் இருப்பவர் வந்து எடுப்பதற்குள் நின்றுவிடும். அவசரமாக வந்து வழுக்கி விழுந்துவிடுவாரோ என்ற பயம் வேறு. மொபைல் அவருக்குக் கைவரவில்லை. அதனால்தான் நாலு வருடத்துக்கு முன் லேண்ட்லைனில் கார்ட்லெஸ் போன் மாட்டிக் கொடுத்தேன்.

போன ஐப்பசியில் தொல்லை ஆரம்பித்தது. ராத்திரி முழுக்க ஸ்டாண்டில் வைத்திருந்தாலும் ஐந்து நிமிடப் பேச்சில் அணைந்துவிடும். “பேசிக்கிட்டே இருக்கேன், வச்சுட்டியேடா” என்று அம்மா வருத்தப்படுவார். கும்பகோணத்தில் ஒரு ரிப்பேர் கடையில் காட்டினேன். கடைக்காரர் கையில் வாங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. “பேஸ் யூனிட்ல போர்டு போயிடுச்சு சார், அதான் சார்ஜ் ஏறல” என்றார். லைனும் கரண்டும் மாட்டியிருக்கும் அந்த ஸ்டாண்டைத்தான் பேஸ் யூனிட் என்கிறார்கள். இரண்டு நாள் கழித்து 1,850 ரூபாய் வாங்கிக்கொண்டார். மணிச்சத்தம் குறைந்திருந்த பழைய வயர் போனையும் எடுத்துப் போயிருந்தேன். இனி அது எதற்கு என்று 200 ரூபாய் கழித்து அதையும் வாங்கி வைத்துக்கொண்டார். நானும் சரி என்றேன்.

பத்து நாள் நன்றாக வேலை செய்தது. அப்புறம் பழைய கதைதான். ஒரு மழை ராத்திரி கரண்ட் போனபோது மொத்தமாக ஊமையாகிவிட்டது. பேஸ் யூனிட் ஓடுவது கரண்டில்; கையில் எடுத்துப் பேசும் ஹேண்ட்செட்டில் சார்ஜ் இருந்தாலும் பேஸ் யூனிட் செத்துவிட்டால் பேச முடியாது. பழைய வயர் போனாக இருந்தால் எக்ஸ்சேஞ்சிலிருந்து செம்புக் கம்பி வழியாக வரும் 48 வோல்ட்டே போதும், ஊரே இருட்டில் கிடந்தாலும் பேசலாம். அதைத்தான் 200 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். விடியும்வரை அம்மாவோடு பேச முடியாமல் நான் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது.

மறுவாரம் மன்னார்குடி அத்தான் வந்து பார்த்தார். லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பேட்டரி மூடியைத் திறந்ததும் ஸ்பிரிங் முழுக்க வெள்ளைப் பொடி. செல்களைச் சுற்றியிருந்த சிவப்பு பிளாஸ்டிக்கை உரித்தார். உள்ளே ‘அல்கலைன், 1.5 வோல்ட்’ என்று அச்சடித்திருந்தது. கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் போடும் செல்! அதைச் சார்ஜில் வைத்தால் உள்ளே வாயு சேர்ந்து கசியும், வெடிக்கவும் கூடும். அதைத்தான் என் அம்மா காதில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். அத்தான் இன்னொன்றும் காட்டினார். பேஸ் யூனிட்டின் அடியில் ஸ்க்ரூ மேல் ஒட்டிய கம்பெனி ஸ்டிக்கர் கிழியவே இல்லை. திறக்காத பெட்டிக்குள் எந்தப் போர்டை மாற்றினார்கள்?

போனது பேட்டரி மட்டும்தான். இந்த போன்களில் இருப்பது பெரும்பாலும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்ற, திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றும் செல். ஒரு செல் 1.2 வோல்ட், இரண்டும் சேர்ந்து 2.4. தினமும் ஸ்டாண்டிலேயே கிடந்தால் இரண்டு மூன்று வருடம் உழைக்கும், அவ்வளவுதான். செல் எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்பதை எம்.ஏ.ஹெச் கணக்கில் போட்டிருப்பார்கள்; மெல்லிய ட்ரிபிள் ஏ செல்லில் 750, 800 எம்.ஏ.ஹெச் என்று போட்டிருந்தால் நம்பலாம். அந்த அளவுக்குள் 1,800, 3,000 எல்லாம் அடங்கவே அடங்காது, அப்படிப் போட்டு விற்பது பொய். அத்தான் எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் ஸ்பிரிங்கைத் துடைத்து, நன்றாகக் காயவைத்துப் புதுச் செல் போட்டார். 16 மணி நேரம் ஸ்டாண்டில் வைக்கச் சொன்னார். செலவு 400 ரூபாய்கூட ஆகவில்லை.

கடைக்குப் போய்க் கேட்டேன். பில் எங்கே என்றார். பில் கொடுக்கவே இல்லை, நானும் கேட்டு வாங்கவில்லை. வயர் போனை விற்றாயிற்றாம். போர்டு மாற்றினால் கழற்றிய பழைய போர்டைக் கையில் கேட்டு வாங்குங்கள். வயர் போனை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். அத்தான் தன் வீட்டுப் பரணிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து கூடத்தில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்.