போட்டியா, புலனமா, லெந்து கையேடா: சபையில் எழுதுகிறவர்களுக்கு எது உதவும்?

கோலாலம்பூரில் ஒரு தமிழ்ச் சபை, எழுதத் தெரிந்த தன் அங்கத்தினரை ஊக்குவிக்க மூவாயிரம் வெள்ளி ஒதுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பணம் என்றதும் நான்கு யோசனைகள் வந்துவிடும். கட்டுரைப் போட்டி வைக்கலாம் என்பார் ஒருவர். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) தினமும் ஒரு தியானம் போடுவோம், செலவே இல்லை என்பார்கள் வாலிபர்கள். மாதர் சங்கத்தினருக்கு லெந்து காலத்துக்கு, அதாவது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்துக்கு, ஒரு தியானக் கையேடு வேண்டும். நோட்டு நோட்டாக எழுதி வைத்திருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர், தன் நூலை அச்சிட்டுத் தரக் கேட்பார். என் ஓட்டு கையேட்டுக்கு. அதுவும் ஒரு நிபந்தனையோடு.

எழுத வருகிறவர்கள் யார் என்று முதலில் பார்த்துவிடுவோம். இங்கே தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. இடைநிலைப்பள்ளியில் தமிழ் ஒரு பாடம் மட்டுமே, அதுவும் வகுப்பு நடந்தால். அதனால் முப்பது வயதுக்காரர் அருமையாகச் சாட்சி சொல்வார், ஜெபிப்பார், எழுதித் தாருங்கள் என்றால் மட்டும் ‘ஒற்று எல்லாம் எனக்கு வராது பாஸ்டர்’ என்று நழுவுவார். துணிந்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்களுக்குத் தட்டச்சு வராது. ஆக, ஒரு பக்கம் பயம், இன்னொரு பக்கம் விசைப்பலகை. இந்த இரண்டில் ஒன்றையாவது குறைக்காத திட்டம் எதுவாக இருந்தாலும் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் பயன்படும்.

போட்டி அப்படிப்பட்டதுதான். அதில் ஒரு நல்லது உண்டு: கெடு தேதி இருக்கிறது. கெடு இல்லாமல் நம்மில் யார் எழுதுகிறோம்? ஆனால் ஒற்றுக்குப் பயந்தவர் போட்டிக்குக் கிட்டவே வரமாட்டார். சில வருடங்களில் பரிசு அதே மூன்று நான்கு பேருக்குள் சுற்றத் தொடங்கிவிடும். நடுவர் மதிப்பெண் போடுவார், காரணம் எழுத மாட்டார். தோற்றவருக்குத் தன் கட்டுரை எங்கே சறுக்கியது என்று கடைசிவரை தெரியாது. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் சிறுகதைப் போட்டிக்கு மரியாதை நிலைத்திருப்பதற்கு, தேர்வான கதைகள் ‘பேரவைக் கதைகள்’ என்று நூலாவதும் ஒரு காரணம் என்பேன். சபைப் போட்டியில் மிஞ்சுவது சான்றிதழும் மேடையில் எடுத்த படமும்தான்.

புலனத் தியானம் இதற்கு நேர் எதிர். யாரும் நுழையலாம், செலவில்லை, விடிகாலையிலேயே நூறு பேர் படித்துவிடுவார்கள். பதிலும் உடனே வரும்: ஆமென், கை கூப்பிய படம், மீண்டும் ஆமென். எழுதியவருக்கு அன்று முழுவதும் மனம் குளிர்ந்திருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நல்லதுக்கும் ஆமென், சுமாருக்கும் ஆமென் என்றால் அவர் எதை வைத்துத் தேறுவது? இரண்டாவது கைக்கு அனுப்பும்போதே பெயர் உதிர்ந்துவிடும். மூன்றாம் மாதம் பார்த்தால், சொந்தமாக எழுதியது நின்றுபோய், தமிழ்நாட்டிலிருந்து யாரோ அனுப்பியதை மறுபடி அனுப்புகிற குழுவாகியிருக்கும். எழுதப் பழகாதவர் தினமும் எழுதினால் சரக்கு சீக்கிரம் தீரும், அவ்வளவுதான்.

நூல் அச்சிட்டுத் தருவதைச் சுருக்கமாகவே பார்க்கலாம். தேசிய நூலகம் ஐஎஸ்பிஎன் எண்ணை இலவசமாகத் தருகிறது. அச்சான பிறகு 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து படிகளை அங்கே ஒப்படைக்க வேண்டும். மற்றச் செலவுக்கு நம் ஊரில் வழி ஏற்கெனவே இருக்கிறது: வெளியீட்டு விழாவில் முதல் நூலைப் பெற்றுக்கொள்ளும் டத்தோ பட்டக்காரர் கொடுக்கும் பண உறை. ஒருவருடைய ஒரே நூலுக்காகச் சபைப் பணம் முழுவதையும் கரைக்கத் தேவையில்லை. மாத இதழ் நடத்தலாமே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: 1984-ஆம் ஆண்டு அச்சக, வெளியீட்டுச் சட்டத்தின் கீழ் பருவ இதழுக்கு உள்துறை அமைச்சின் அனுமதி வேண்டும். அது கிடைத்தாலும் வருடத்துக்குப் பன்னிரண்டு இதழுக்கு ஆள் எங்கே?

இப்போது கையேடு. திருநீற்றுப் புதனிலிருந்து ஞாயிறுகளை விட்டு எண்ணினால் லெந்து நாற்பது நாள். நாளுக்கு ஒருவர் என்றால் நாற்பது பேர். மூன்று நான்கு பேர் சுற்றிச் சுற்றி எழுதி இதை ஒப்பேற்ற முடியாது. அதுதான் இதன் பலம். சபை போய்க் கதவைத் தட்டியாக வேண்டும்: டாக்சி ஓட்டுகிறவர், தாதி, எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த பெண், வாரம் தவறாமல் கோயில் பூ அலங்கரிக்கிற ஆண்ட்டி. நாளும் வசனமும் முன்பே கொடுத்தாயிற்று, முந்நூறு சொல் போதும் என்றால் பயம் பாதி போகும். தட்டச்சு வராதவர் குரல் பதிவாகச் சொல்லட்டும், வாலிபர்கள் கைப்பேசியில் செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலியில் அடித்துக் கொடுக்கட்டும். அவர்களுக்கும் தமிழ் கொஞ்சம் கைக்கு வரும்.

நிபந்தனை என்றேனே, அது இதுதான்: ஒவ்வொரு பிரதியும் ஒரு தடவையாவது எழுதியவரிடம் திரும்பிப் போக வேண்டும், குறிப்போடு. வந்ததை எழுத்துப்பிழை மட்டும் பார்த்து அச்சுக்கு அனுப்பினால், கையேடும் நாற்பது ஆமென் மாதிரிதான்.

குறிப்பு என்றால் என்ன? ஒரு பிரதி இப்படித் தொடங்குகிறது என்று வைப்போம்: ‘இந்த உலக வாழ்க்கையில் நாம் அனைவரும் பலவிதமான துன்பங்களைச் சந்திக்கிறோம்.’ இரண்டு பத்தி இதே ரீதியில் போகிறது. மூன்றாவது பத்தியின் நடுவில் ஒரு வரி: கணவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ், நான்கு மணி நேரம் வெளியே காத்திருக்கும்போது 121-ஆம் சங்கீதத்தை மனப்பாடம் செய்தேன். பார்க்கிறவர் முதல் இரண்டு பத்தியையும் பென்சிலால் மெல்லக் கோடிட்டு, ஓரத்தில் ‘இங்கேயிருந்து ஆரம்பியுங்கள் சிஸ்டர். அந்த நாற்காலியில் உட்கார்ந்து எந்த வசனத்தில் தடுக்கினீர்கள் என்று எழுதுங்கள்’ என்று குறிக்கிறார். இந்த ஒரு குறிப்பு, கோப்பையும் கேடயமும் கற்றுத் தராததைக் கற்றுத் தரும்.

இது புதுசு ஒன்றுமில்லை. 1950களின் தொடக்கத்தில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். அடுத்து அந்த நாளிதழுக்கு ஆசிரியராக வந்த தமிழ்நாட்டு எழுத்தாளர் கு. அழகிரிசாமி, இங்கிருந்த காலத்தில் எழுதுகிறவர்களைக் கூட்டி இலக்கிய வட்டம் நடத்தினார். 2019-இல் தமிழ் நேசன் நின்றதோடு, தொடக்க எழுத்துக்கு இடம் கொடுத்த ஞாயிறு பதிப்பு ஒன்றும் போனது. கிறிஸ்தவ எழுத்திலும் இப்படித்தான்: எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் ‘நற்போதகம்’ இதழில் வருடக்கணக்காகத் தொடராக வந்து, பிறகுதான் 1894-இல் நூலானது. காப்பியமே தவணை முறையில் வந்திருக்கிறது. நம் முந்நூறு சொல்லுக்குத் தவணை கேட்பதில் குறைச்சல் என்ன?

கையேட்டுக்கும் பலவீனம் இருக்கிறது. நாற்பதில் பத்துப் பிரதியாவது சுமாராகத்தான் இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெரியவர் ஒருவர், என் எழுத்தில் கை வைக்க நீ யார் என்று கேட்பார். அதனால்தான் மூவாயிரத்தில் பாதியை அச்சுக்கும், மீதியைப் பிரதி பார்க்கிறவருக்கும் பிரிக்கச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரைப் பிடியுங்கள். முன்னே சொன்ன அந்த நோட்டுப் புத்தக ஆசிரியரே ஒத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஊழியம்தானே என்று சும்மா வாங்கக் கூடாது. நாற்பது பேரிடம் முகம் கோணாமல் பேசுவது லேசான வேலையில்லை.

திருநீற்றுப் புதன் பிப்ரவரி 4-க்கும் மார்ச் 10-க்கும் இடையில் எங்கேயும் விழலாம். டிசம்பரில் சபையில் யாருக்கும் நேரம் இருக்காது, அச்சகங்களும் நாட்காட்டி வேலையில் இருக்கும். ஆகவே நாளையும் வசனத்தையும் ஆகஸ்டில் பிரித்துக் கொடுத்து, முதல் பிரதியை அக்டோபருக்குள் வாங்கிவிடுங்கள். திருத்திய பிரதி நவம்பர் முடிவதற்குள் வந்துவிட வேண்டும். இரண்டு பேர் கடைசி நேரத்தில் கைவிரிப்பார்கள், அதற்கு மூன்று பிரதி கூடுதலாகவே கேட்டு வையுங்கள்.