கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு இப்புறமும் அப்புறமும்: புதிய நர்ஸுக்கு முதல் வேலை

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டினால், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி என்று தமிழ் பேசும் கேரள ஊர்கள் தொடர்கின்றன. பி.எஸ்சி. நர்சிங் முடித்து, வார்டு வேலையை விட்டு ஊர்ப்புறச் சுகாதாரப் பணிக்கு வர விரும்பும் இப்பகுதிப் பிள்ளைகள் இரண்டு வேலைகளை எடைபோடுகிறார்கள். ஒன்று, தமிழ்நாட்டுத் துணை சுகாதார நிலையத்தில் எம்.எல்.எச்.பி. எனப்படும் இடைநிலை சுகாதாரப் பணியாளர் வேலை. மற்றொன்று, கேரளத்தில் வீடு தேடிச் செல்லும் பாலியேட்டிவ் குழுவில், அதாவது தீராத நோயிலும் படுக்கையிலும் இருப்பவர்களின் வலியையும் துன்பத்தையும் குறைக்கும் குழுவில், நர்ஸ் வேலை. இரண்டும் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையிலேயே கிடைக்கின்றன. ஆகவே சம்பளத்தைவிட, முதல் ஆறு மாதம் பக்கத்தில் நின்று சொல்லித்தர யார் இருக்கிறார்கள் என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை நிலையம் என்பது தேசிய அளவுகோல். 30 வயது கடந்தவர்களுக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பது, மாத்திரை கொடுப்பது, கர்ப்பிணிகளைக் கவனிப்பது, பதிவேடு எழுதுவது என்று வேலை பரந்தது. பொறுப்பும் உடனே கைக்கு வந்துவிடுகிறது. ஆனால் மருத்துவர் இருப்பதோ ஆரம்ப சுகாதார நிலையத்தில். இ-சஞ்சீவனி என்னும் அரசின் தொலைமருத்துவச் சேவையின் காணொலியில் அவரிடம் கேட்கலாம் என்றாலும், கையைப் பிடித்துச் சொல்லித்தருவதற்கு அது ஈடாகாது. அருகில் இருப்பவர் கிராம சுகாதார செவிலியர். படிப்பில் புதியவர் ஒரு படி மேல். ஊரையும் வீடுகளையும் அறிந்ததில் அந்த அக்கா பல படி மேல். இந்த நெருடலை யாரும் வகுப்பில் சொல்லித்தருவதில்லை. பட்டத்தைக் காட்டாமல் அவரோடு வீடுவீடாக நடந்தவர்களே நிலைத்திருக்கிறார்கள்.

கேரளத்தின் முறை வேறு. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய வலிநிவாரணப் பணி வளர்ந்து, 2008இல் மாநிலக் கொள்கையாகி, பஞ்சாயத்துகளின் பொறுப்புக்கு வந்தது. நர்ஸ் தனியாகப் போவதில்லை; ஆஷா பணியாளரும் சில நாள் பஞ்சாயத்து உறுப்பினரும் கூடவே வண்டியில் ஏறுகிறார்கள். படுக்கைப்புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், சிறுநீர்க்குழாய் மாற்றுவதும், சோர்ந்துபோன மகளிடம் பேசுவதும் ஒரே வீட்டில், மூத்த நர்ஸ் உள்ள குழுவென்றால் அவர் கண்ணெதிரே, பழகக் கிடைக்கின்றன. குறைகளும் உண்டு: தடுப்பூசியும் பேறுகாலமும் கைவிட்டுப் போகும், பாலியேட்டிவ் சான்றிதழ்ப் பயிற்சி தேவை, தமிழ்நாட்டுப் பதிவோடு கேரளச் செவிலியர் மன்றப் பதிவும் வேண்டும், நோயாளி தமிழில் முனகினாலும் பதிவேடு மலையாளத்தில் இருக்கலாம்.

காகித வேலைகள் முடியும்வரை வீட்டில் காத்திருக்க வசதியுள்ளவருக்கு நான் கேரளத்தையே சொல்வேன். உடனே சம்பாதிக்க வேண்டியவர் துணை நிலையத்தில் சேரலாம். அங்கும் பக்கத்தில் நின்று கற்க ஒரு வழி உண்டு: தமிழ்நாட்டின் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் வீடு தேடிச் சிகிச்சை தரும் திட்டத்தில், வட்டார அளவில் ஒரு பாலியேட்டிவ் நர்ஸும் இயன்முறை மருத்துவரும் வண்டியில் வீடுகளுக்குச் செல்கிறார்கள். அந்த வண்டியில் வாரம் ஒரு நாள் தன்னையும் ஏற்றிக்கொள்ளும்படி, சேர்ந்த முதல் வாரத்திலேயே வட்டார மருத்துவ அலுவலரிடம் எழுதிக் கேட்டுவிட வேண்டும்.